ஊரடங்கு ஏற்றிவைத்த எடைக்குப் பிள்ளைகள் மட்டுமா பொறுப்பு?

அண்மையில் ஒரு காலை, நம் மருத்துவமனையின் உணவு ஆலோசனை அறைக்கு ஓர் அம்மையார் தம் மகனை அழைத்து வந்தார். மகனுக்கு 24 வயது. ஒரகடம் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பணி. அங்கு நடந்த உடற்பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்திருந்தது. நான் எதையும் கேட்கத் தொடங்கும் முன்பே அம்மையார் தம் கைப்பையிலிருந்து ஒரு பழைய அடையாள அட்டையை எடுத்து மேசைமீது வைத்தார். 2019 ஆம் ஆண்டு கல்லூரியில் சேர்ந்தபோது வழங்கப்பட்டது அது. ஒட்டிய கன்னமும் நீண்ட கழுத்துமாக ஒரு பையன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதைப் பாருங்கம்மா, எப்படி இருந்த பிள்ளை! கொரோனாவுல வீட்ல உட்கார்ந்து தின்னு தின்னு இப்படி ஆயிட்டான்" என்றார் அம்மையார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரென்று அறிய முடியாதவாறு சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். ஆனால் மாற்றாமல் எழுதினாலும் இவர் இன்னார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு பேர் இப்படி வருகிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களாக இருந்தவர்கள் இன்று வேலைக்கும் திருமணத்துக்கும் ஆயத்தமாகி நிற்கும் வயதினர். கல்லீரலில் கொழுப்பு, மாதவிடாய் ஒழுங்கின்மை, முதுகுவலி, உறக்கமின்மை, சர்க்கரைநோய்க்கு முந்தைய நிலை என்று ஏதேனும் ஒன்றுடன் வருகிறார்கள். அதனுடன் கூடவே ஒரு குற்ற உணர்வையும் சுமந்து வருகிறார்கள். அந்தக் குற்ற உணர்வு அவர்களுக்கு உரியதன்று என்பதும், வீட்டார் அதை அவர்கள் தலையில் ஏற்றிவைப்பது சிகிச்சைக்கே தடையாகிறது என்பதும் என் உறுதியான கருத்து. இந்தச் செய்திமடலைப் படிப்பவர்களில் பலர் அத்தகைய பிள்ளைகளின் பெற்றோராகவோ, அக்கா அண்ணனாகவோ இருக்கக்கூடும். ஆகையால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த நாட்களை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 17 அன்று தமிழகத்தின் கல்லூரிகள் மூடப்பட்டன. மாத இறுதிவரைதான் என்று எண்ணிய விடுதி மாணவர்கள் ஒற்றைப் பையுடன் ஊர் திரும்பினார்கள். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு டிசம்பர் 7 அன்றும், மற்ற ஆண்டினருக்கு 2021 பிப்ரவரி 8 அன்றும் கல்லூரிக் கதவு திறந்தது. மார்ச் இறுதியில் மீண்டும் மூடல். மே 10 முதல் முழு ஊரடங்கு. செப்டம்பர் 1 அன்று மறுபடி திறப்பு. 2022 சனவரியில் ஒமிக்ரான் பரவலால் மற்றுமொரு மூடல். திறந்திருந்த நாட்களும் பழைய நாட்களாக இல்லை. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டபோது, பொது உணவுக்கூடம் மூடப்பட்டு அறைக்கே பொட்டலமாக உணவு சென்றது. 2020 இல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் தம் முதலாண்டில் பெரும்பகுதியைக் கைப்பேசித் திரையிலேயே கழித்தார்கள்.

நம் ஊருக்கு இது இன்னும் விந்தையாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2019 சூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அத்தி வரதர் தரிசனத்துக்காக 48 நாட்கள் காஞ்சியின் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர் கொடுத்தும் வழிகாட்டியும் நாள் முழுதும் நின்ற இளைஞர்களை நாம் பார்த்தோம். அடுத்த வைகாசியில் கருட சேவை வீதிக்கு வரவேயில்லை. அதே இளைஞர்கள் மாடியில் கைப்பேசிக்குச் சமிக்ஞை தேடி உட்கார்ந்திருந்தார்கள்.

உட்கார்ந்திருந்தார்கள் என்ற சொல்லில்தான் பாதி விடை இருக்கிறது. கல்லூரிக்குச் சென்று வரும் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் வீடு என்றால் பேருந்து நிலையம் வரை நடை. பேருந்தில் நின்றபடியே பயணம். ஏனாத்தூரில் இறங்கி வளாகத்துக்குள் நடை. வகுப்புக்கு மாடிப்படி, ஆய்வகத்துக்கு இன்னொரு கட்டடம், நண்பனைத் தேடி நூலகம், மாலையில் ஒரு பந்து. இவற்றை யாரும் உடற்பயிற்சி என்று கருதுவதில்லை. ஆயினும் இவையெல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு நான்கு கிலோமீட்டர் நடை என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ 200 கலோரி செலவிடுகிறார். அந்த நடை ஒரே நாளில் நின்றுபோனது. உணவில் ஒரு பருக்கைகூடக் கூடவில்லை என்றே கொள்வோம். ஐந்து மாதத்தில் 30,000 கலோரி உடலில் தங்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஏட்டுக் கணக்குப்படி நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடல் தன்னை ஓரளவு சரிசெய்துகொள்வதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே கூடும். ஆனால் அந்த இரண்டு மூன்று கிலோவுக்கு எந்தப் பெருந்தீனியும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பேருந்து ஓடாததே போதுமான காரணம்.

2020 இல் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகிய கண்டங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இணையவழியே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்கள் நாளொன்றுக்கு உட்கார்ந்திருந்த நேரம் ஊரடங்குக்கு முன் 5 மணி. ஊரடங்கில் 8 மணி. மாணவருக்கு அந்த எட்டு மணியும் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே திரையின் முன். எழுந்து நடந்தால் ஆசிரியர் பெயர் அழைக்கும்போது பதில் சொல்ல முடியாதே என்ற அச்சம் வேறு. உடற்பயிற்சிக் கூடங்களும் தமிழகத்தில் 2020 ஆகஸ்ட் 10 வரை திறக்கப்படவில்லை. மாலையில் தெருவில் நடக்கலாம் என்றால் காவலர் நிறுத்திக் கேட்பார்.

இனி உணவு. "தின்னு தின்னு" என்ற சொல்லை நான் அந்த அறையில் அடிக்கடி கேட்கிறேன். அப்போதெல்லாம் யார் சமைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. விடுதியில் காய்ந்துபோன பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறது. வெளியே பெயர் தெரியாத நோய். தடுப்பூசி இன்னும் வரவில்லை. எதிர்ப்புச் சக்தி என்ற சொல் தொலைக்காட்சியில் நாளெல்லாம் ஒலிக்கிறது. தாயின் கையில் இருந்த ஒரே மருந்து சோறுதான். காலையில் கபசுரக் குடிநீர், அதன் கசப்புக்குப் பனைவெல்லம், பதினொரு மணிக்கு முட்டை, மாலையில் பாலும் பாதாமும், இரவில் மீண்டும் பால். அச்சத்தில் ஊட்டிய சோறு அது. அதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஊட்டிய கையை மறந்துவிட்டு உண்ட வாயை மட்டும் குறை கூறுவது முறையன்று.

பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை என்பது உண்மைதான். உடனடிக் காப்பித்தூளையும் சர்க்கரையையும் சம அளவில் நுரை பொங்க அடித்துப் பாலின்மேல் ஊற்றிய டல்கோனா காப்பியை நினைவிருக்கிறதா? குக்கரில் கேக், வீட்டிலேயே பானிபூரி. பொழுது போகவில்லை, அடுப்படி ஒன்றுதான் விளையாட்டுத் திடலாக இருந்தது. அதைவிடப் பெரிய தீங்கு, உறக்கம் தலைகீழானது. வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகுதான் தனிமை கிடைத்தது. ஆகவே விடியற்காலை மூன்று மணிவரை திரை. போதிய உறக்கமின்றி இருப்பவருக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, வயிறு நிறைந்ததை உணர்த்தும் சுரப்பு குறைகிறது. இரவு ஒரு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்த கை நாவடக்கம் இல்லாத கை என்று நாம் நினைத்தோம். உறக்கம் கெட்ட உடல் அப்படித்தான் கேட்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லா வீட்டிலும் எடை கூடியது என்று எண்ணிவிட வேண்டா. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் அது பாதி உண்மையாகிவிடும்.

நெசவாளர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்கூடத்தை அடைத்துக்கொண்டு குழித்தறி. சித்திரை வைகாசி முகூர்த்தங்கள் நின்றன அல்லது ஐம்பது பேருடன் முடிந்தன. சேலை விற்கவில்லை என்றால் பாவு வராது. பாவு வரவில்லை என்றால் கூலி இல்லை. ரேஷன் கடையில் அந்த ஏப்ரலில் கிடைத்த ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் பருப்பும் எண்ணெயும்தான் பல வீடுகளைத் தாங்கின. அரிசி இருந்தது, காய்கறியும் முட்டையும் பாலும் சுருங்கின. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரி உண்டு, இணைய வகுப்பு உண்டு. வேலை மீண்டும் வந்தபோது தறியின் ஓசை கேட்காமலிருக்க ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, கோர்வைக் கரைக்கு நாடா தள்ளிக்கொண்டே பாடம் கேட்ட மாணவி ஒருத்தி எனக்குத் தெரியும். அவள் எடை கூடவில்லை. ஐந்து கிலோ குறைந்தது. "கொரோனாவுல நல்லா இளைச்சிட்டே, எப்படி?" என்று தோழிகள் பொறாமையுடன் கேட்டார்களாம். அவளுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.

அமெரிக்க உளவியல் சங்கம் 2021 தொடக்கத்தில் அந்நாட்டுப் பெரியவர்களிடையே நடத்திய கணக்கெடுப்பிலும் இந்த இரு முகங்கள் தெரிகின்றன. 42 விழுக்காட்டினர் தாம் விரும்பாமலே எடை கூடியதாகச் சொன்னார்கள். 18 விழுக்காட்டினர் விரும்பாமலே குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரே ஊரடங்கு ஒரு வீட்டில் கூட்டியது, அடுத்த வீட்டில் குறைத்தது. எடைக் கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து நலம், நலமின்மை என்று பிரித்தால் ஹீமோகுளோபின் 8 உள்ள அந்தப் பெண்ணை நாம் பாராட்டிவிட்டுப் போய்விடுவோம்.

இவ்விரு வகையினருக்கும் பொதுவாக இருந்தது மனத்தின் பாரம். பெருந்தொற்றின் முதலாண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு மிகுந்தன என்று உலக நலவாழ்வு அமைப்பு 2022 மார்ச்சில் அறிவித்தது. இளைஞர்களும் பெண்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள் என்றும் அது கூறியது. பதினெட்டு வயதில் ஒருவருக்குக் கல்லூரி என்பது பாடம் மட்டுமன்று. வீட்டாரின் கண்ணுக்கு அப்பால் தாம் யார் என்று கண்டுகொள்ளும் இடம் அது. அந்த இடம் பறிபோனது. இரண்டு அறை வீட்டில் தந்தையின் கடன் பேச்சையும் பாட்டியின் இருமலையும் கேட்டுக்கொண்டே அரைநாள் வகுப்பு. 2021 சனவரியில் அரசு மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவை விலையின்றி வழங்க முன்வரும் வரை, தரவு தீர்ந்துவிடுமே என்ற கவலை வேறு.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில், இறுதிப் பருவம் நீங்கலாகக் கட்டணம் செலுத்தியிருந்த நிலுவைத் தாள்களுக்குத் தேர்வின்றியே தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது ஊரெல்லாம் சிரித்தது. கேலிப் படங்கள் கைப்பேசிதோறும் சுற்றின. "கொரோனா பாஸ்" என்ற பெயர் அந்தத் தலைமுறைமீது ஒட்டிக்கொண்டது. நேர்காணலுக்குச் செல்லும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வந்து நாக்கு ஒட்டிக்கொள்வதாக ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். அவர் வந்தது வயிற்றெரிச்சலுக்காக. பேசிக்கொண்டே போனதில் இரவு தனியே உட்கார்ந்து வயிறு வலிக்கும் வரை உண்பதையும், மறுநாள் முழுதும் பட்டினி கிடப்பதையும் மெல்லச் சொன்னார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு நான் கொடுக்கவிருந்த உணவு அட்டவணையை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு, மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அட்டவணை கொடுத்திருந்தால் பட்டினிக்கு இன்னொரு சாக்கு கொடுத்திருப்பேன்.

இந்த இடத்தில் என் தவற்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். 2021 இலையுதிர்காலத்தில் என் அக்காள் மகள் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "என்னடி, இப்படி ஊதிப்போயிட்டே?" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன், நம் ஊரில் நலம் விசாரிப்பதே உடம்பைப் பற்றிப் பேசுவதுதானே. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். அன்று மதியம் இரண்டு கவளம் உண்டுவிட்டுப் பசியில்லை என்று எழுந்துவிட்டாள். அடுத்து வந்த இரண்டு குடும்பத் திருமணங்களுக்கும் அவள் வரவில்லை. தேர்வு என்றாள். தேர்வு இல்லை என்று பின்னர்தான் தெரிந்தது. பிறருக்கு உணவு பற்றி அறிவுரை சொல்லிப் பிழைக்கும் எனக்கே அந்த ஒரு வாக்கியத்தின் எடை தெரியவில்லை.

"அப்படியானால் எல்லாப் பழியையும் ஊரடங்கின்மேல் போட்டுவிடலாமா? ஆண்டுகள் பல ஆயின. இன்னும் சாக்கு சொல்வதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெருந்தொற்று வராமலிருந்தாலும் கல்லூரியின் முதலாண்டில் பலருக்கு ஒன்றிரண்டு கிலோ கூடுவது உலகெங்கும் காணப்படுவதே. தமிழகத்தின் நிலையோ முன்பிருந்தே கவலைக்குரியது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் மிகை எடை உடையோர் 2015-16 இல் பெண்களில் 30.9 விழுக்காடு, ஆண்களில் 28.2 விழுக்காடு. 2019-21 கணக்கெடுப்பில் அவை 40.4, 37.0 என்று உயர்ந்தன. இந்த உயர்வு முழுவதையும் சில மாத ஊரடங்கு செய்திருக்க முடியாது. நாம் ஏற்கெனவே சரிவில் உருண்டுகொண்டிருந்தோம். ஊரடங்கு பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது. தள்ளப்பட்டவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இருந்தார்கள் என்பதுதான் இழப்பு. உறக்கம், நடை, உணவு நேரம் ஆகிய பழக்கங்கள் ஊன்றும் வயது அது. ஊரடங்கு போனது, ஊரடங்கில் ஊன்றிய பழக்கம் போகவில்லை. இன்றும் இரவு இரண்டு மணிக்கு உறங்கி, காலை உணவைத் தவிர்த்து, நிறுவனப் பேருந்தில் ஏறி, அலுவலக நாற்காலியில் இறங்குபவர்கள் அவர்கள்.

ஆகவே பொறுப்பு அவர்களுக்கும் உண்டு. அதை அவர்கள் ஏற்க வேண்டுமானால் முதலில் தலை நிமிர வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் அறிவுரை எதையும் வாங்கிக்கொள்ள முடியாது.

வீட்டார் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். எண்ணை விட்டுவிட்டு நாளைப் பாருங்கள். எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன், எத்தனை மணிக்கு உறங்கினாய் என்று கேளுங்கள். இந்த வயதினருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கம் சீரானால் காலைப் பசி வரும். காலையில் உண்டால் இரவு மிக்சர் டப்பா தானாக மூடிக்கொள்ளும். பிறகு நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைவாக நடப்பது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வரையறை. நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட இல்லை. தனியே நட என்று துரத்தாதீர்கள். உடன் நடங்கள். நம் ஊரில் கோயில்களுக்குக் குறைவா? ஏகாம்பரநாதர் கோயில்வரை வண்டியை எடுக்காமல் சென்று வந்தாலே போதும். பிரசாதத்தையும் வேண்டா என்று சொல்ல மாட்டேன். காஞ்சிபுரம் இட்லி ஒரு துண்டு உண்டால் ஒன்றும் ஆகிவிடாது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த நல்ல உணவு அது. நெய்யை மட்டும் நினைவில் வையுங்கள்.

எடை குறையாமல் பழக்கத்தை மாற்றி என்ன பயன் என்று நினைப்பவர்களுக்கு நம் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற இந்திய சர்க்கரைநோய்த் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. சர்க்கரைநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். நடையையும் உணவையும் சீர்படுத்திக்கொண்டவர்களுக்கு, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிடச் சர்க்கரைநோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. இதில் வியப்பு என்னவென்றால் அவர்களின் எடை சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. அவர்கள் நடுவயதினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளையோருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எடைக் கருவியின் முள் அசையாத மாதங்களிலும் உள்ளே ஏதோ நல்லது நடக்கக்கூடும் என்பதை நம்புவதற்கு இது போதும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பின்கழுத்திலும் அக்குளிலும் மடிப்பு மடிப்பாகத் தடித்த கருமை தோன்றினால் அதை அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாக அது இருக்கலாம். விலா எலும்பின் கீழ்முனைக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே அளக்கும்போது ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். நம் நாட்டவருக்கு உடல் நிறை குறியீட்டெண் 23 தொட்டாலே கவனம் தேவை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 59 கிலோ. இளவயதுதானே என்று தள்ளிப்போட வேண்டா. 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரைநோயும் 15.3 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கூறுகிறது. முந்தைய நிலையில் பிடித்துவிட்டால் திரும்பிவர வழியுண்டு. மறுபுறம், முயற்சியின்றி எடை குறைந்தால் மகிழாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும், தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையும் உடனே வேண்டும்.

மாதத்தில் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்யும் தூள்களைப் பற்றி ஒரே வரி: வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல காலணி வரும்.

பேச்சுக் குறைந்து, அறைக்கதவு மூடியே கிடந்து, உணவு மிகவும் கூடியோ குறைந்தோ இருந்தால் உடம்பை விட்டு மனத்தைக் கவனியுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை எந்நேரமும் தமிழில் கிடைக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாமல், தனியே விடாமல், மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

நம் மருத்துவமனையில் தங்கியிருக்கும் நோயாளிகளின் உடனிருப்போரிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். தந்தைக்கு டயாலிசிஸ், தாய்க்கு அறுவை என்று வார்டு வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்த வயதுப் பிள்ளைகளே. பன்னும் தேநீரும்தான் மூன்று வேளையும். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஊரடங்கே நினைவுக்கு வருகிறது: ஒரே இடம், ஒரே நாற்காலி, நாளை என்ன ஆகுமோ என்ற கவலை, கையில் திரை. முறை மாற்றி ஒருவர் வந்து உட்காருங்கள். பிள்ளை அரைமணி நேரம் வெளியே நடந்து, ஒரு வேளை சோறும் காயும் உண்டுவிட்டு வரட்டும்.

கல்லூரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாடத்திட்டம் முடியவில்லை என்று விளையாட்டு வேளையைச் சிறப்பு வகுப்புக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பெருந்தொற்றுக்குப் பின் பல இடங்களில் நிலைத்துவிட்டதாக மாணவர்கள் சொல்கிறார்கள். இழந்த பாடத்தை ஈடுசெய்தீர்கள், நன்று. இழந்த விளையாட்டை யார் ஈடுசெய்வது?

அந்த அடையாள அட்டைக்கு வருகிறேன். அன்று நான் அதைக் கையில் எடுத்து, அந்தப் படத்தில் இருந்த பையனைப் பற்றி மகனிடம் கேட்டேன். அப்போது எங்கே தங்கியிருந்தாய், எப்படிக் கல்லூரி செல்வாய், மாலையில் என்ன செய்வாய் என்று. கைப்பந்து ஆடுவாராம். கல்லூரி அணியில் இருந்தாராம். 2020 ஏப்ரலில் ஒரு போட்டி இருந்ததாம். அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. அம்மையார் வியப்புடன் மகனைப் பார்த்தார். "நீ டீம்ல இருந்தியா? சொல்லவே இல்லையே" என்றார்.

மூன்று மாதம் கழித்து மகன் தனியாகவே வந்தார். எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 101. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுடன் கைப்பந்து ஆடுவதாகச் சொன்னார். முட்டியில் சிராய்ப்பு இருந்தது. அம்மா வரவில்லையா என்று கேட்டேன். "அவங்களுக்கும் சர்க்கரை பார்க்கணும்மா. 140ன்னு வந்திருக்கு. அடுத்த வாரம் நான் கூட்டிக்கிட்டு வரேன்" என்றார்.